தொட்டியில் இருந்த தடுப்பு

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

அத்தை எழுதுவது. நலம், நலமறிய ஆவல் என்றுதான் கடிதத்தைத் தொடங்க வேண்டும் என்று பள்ளிக்கூடத்தில் சொல்லிக் கொடுத்தார்கள். நான் அங்கே போனது கொஞ்ச காலம்தான், கற்றதில் மிச்சம் இருப்பதும் அந்த வரிதான். ஆனால் நான் நலமாக இல்லை. நீங்களும் இருக்க மாட்டீர்கள். அதனால் அதை விட்டுவிட்டு விஷயத்துக்கு வருகிறேன்.

போனில் பேசாமல் எதற்குக் கடிதம் என்று நினைப்பீர்கள். போனில் நான் வாயைத் திறந்ததும், "சரியா கேக்கல அத்தை, நடுக்கடல்ல இருக்கோம்" என்று வைத்துவிடுகிறீர்கள். என் பெண் குட்டி இருந்தபோது இதே நடுக்கடலிலிருந்துதான் காது சூடாகிற வரைக்கும் அவளோடு பேசினீர்கள். அப்போதெல்லாம் நன்றாகத்தான் கேட்டது. கடிதத்தை அப்படிப் பாதியில் வைக்க முடியாது. மடித்துப் போட்டாலும் திரும்ப எடுக்கும்போது அதே இடத்தில் காத்துக்கொண்டிருக்கும். உங்கள் கம்பெனி அலுவலகத்தில் கொடுத்தால் அடுத்த துறைமுகத்தில் உங்கள் கையில் சேர்ப்பார்களாம். மாடி வீட்டு அக்கா, "நீ சொல்லு, நான் கம்ப்யூட்டர்ல அடிச்சுத் தரேன்" என்றாள். வேண்டாம் என்றுவிட்டேன். நான் என் மாப்பிள்ளையைத் திட்டுவதை அவள் எதற்குக் கேட்க வேண்டும்.

ஆமாம், திட்டத்தான் எழுதுகிறேன்.

நேற்று மீன்தொட்டிக் கடைக்காரர் வந்தார். இரண்டு கையிலும் தெர்மாகோல் பெட்டி, வாசலில் சின்ன லாரி. செருப்பைக் கூடக் கழற்றவில்லை, "எல்லாத்தையும் எடுத்துக்கச் சொல்லிட்டாரும்மா உங்க மருமகன். தொட்டி, மோட்டார், ஃபேன், எல்லாமே" என்றார். யாரைக் கேட்டு என்றேன். "அவரே போன் பண்ணாரும்மா" என்றார். கடலுக்கு அப்பால் இருந்து கடைக்காரருக்குப் போன் கேட்கிறது, எனக்கு மட்டும்தான் கேட்கவில்லை.

நிலைப்படியில் இரண்டு கையையும் ஊன்றி நின்றுகொண்டேன். அவர் என்னைப் பாவம் என்று பார்த்தார். அதில்தான் எனக்குக் கோபம் இன்னும் ஏறியது. "இதுங்களை வெச்சுக்கிட்டு நீங்க என்னம்மா பண்ணப் போறீங்க, தண்ணி கொஞ்சம் சூடானாலே போய்ச் சேர்ந்துடும்" என்று எனக்குப் பாடம் எடுத்தார். என் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்து, "வெள்ளை நல்ல சைஸு" என்றார். கத்தரிக்காயைத் திருப்பிப் பார்த்துச் சொல்வது போல. நான் கதவைச் சாத்திவிட்டேன். அடுத்த வாரம் திரும்ப வருவதாகச் சொல்லிவிட்டுப் போயிருக்கிறார்.

தண்ணீர் சூடானால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியாதா மாப்பிள்ளை. ஓட்டல் சலவைக்கூடத்தில் நாள் முழுக்க ஆவியில் வெந்துவிட்டு வருகிறவள் நான். வந்ததும் என் முகத்தைக் கழுவுவதில்லை, முதலில் அந்தப் பின்னறைக்குத்தான் போகிறேன். தொட்டியில் மிதக்கும் தண்ணீர் பாட்டிலை எடுத்துவிட்டு உறைந்த பாட்டிலைப் போடுகிறேன். ஃபேன் தண்ணீர்மேல் படுகிறதா என்று கையை நீட்டிப் பார்க்கிறேன். ஜன்னலில் வெயில் வராமல் தொங்கும் படுக்கை விரிப்புகூட நான் கொண்டுவந்ததுதான், ஓட்டலில் கிழிந்துபோனதென்று ஒதுக்கியது. ஃப்ரீசரில் பாட்டிலைத் தவிர வேறு எதற்கும் இடமில்லை. இதெல்லாம் உங்களுக்குத் தெரியாது. நீங்கள் கேட்டால்தானே தெரியும்.

குட்டி முதல்முதலாக இதுகளைக் கொண்டுவந்தபோது வேண்டாம் என்று கத்தியவள் நான்தான். பல்லியும் இல்லை, மீனும் இல்லை, கழுத்தின் இரண்டு பக்கமும் இறகு மாதிரி ஏதோ முளைத்திருக்கிறது, எந்த நேரமும் சிரித்தமாதிரி ஒரு வாய். கொண்டுபோய் வாங்கின இடத்திலேயே விட்டுவிட்டு வா என்றேன். "அது பேரு ஆக்சலாட்டல்மா, சொல்லிப் பாரு" என்றாள். சொல்லிப் பார்த்தேன், பல் செட் கழன்றுவிடும் போல இருந்தது. அந்தப் பல் செட்டும் அவள் செய்து கொடுத்ததுதான். வெள்ளையாக இருந்ததை வெள்ளைச்சி என்றேன், மற்றதைக் கருப்பன் என்றேன். அவளும் அப்படியே கூப்பிட ஆரம்பித்தாள். கூழாங்கல் போட்டு அழகாக வையேன் என்று ஒரு தரம் சொன்னேன். "வாயைத் திறந்து எதையும் முழுங்கிடும்மா, கல்லு வயித்துல மாட்டிக்கும்" என்று மணலைச் சலித்துச் சலித்துப் போட்டாள். மண்புழுவை நறுக்கச் சொல்லி என்னிடம் கத்தியைக் கொடுத்தபோது வாந்தி வந்தது. இப்போது டீ குடித்துக்கொண்டே நறுக்குகிறேன்.

அவள் வேலை செய்த பல் செட் கூடத்துக்கும் போய்வந்தேன், அவளுடைய சாமான்களை எடுத்துவர. அவள் நாற்காலியில் வேறொரு பெண் உட்கார்ந்திருக்கிறாள். குட்டியுடைய வெள்ளை கோட்டு, பிரஷ், ரப்பர் சொட்டுக்குழாய் எல்லாவற்றையும் ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டுத் தயாராக வைத்திருந்தார் முதலாளி. வருத்தமாக ஒரு வார்த்தை சொல்வார் என்று நின்றேன். "ரெண்டு பேரோட மேல் தாடை பாதியில நிக்குதும்மா, அவங்க தினமும் போன் பண்ணி உசிரை எடுக்கறாங்க" என்றார். என் பெண் தாடையைப் பாதியில் விட்டுவிட்டு ஊர் சுற்றப் போயிருக்கிறாள் என்பது போல. பேசாமல் பையை வாங்கிக்கொண்டு வந்தேன். பேசியிருந்தால் அவருக்கும் ஒரு தாடை செய்ய வேண்டியிருந்திருக்கும்.

மாடி அக்கா தன் பங்குக்கு ஆறுதல் சொல்ல வந்தாள். தொட்டியைக் காட்டி, "இதுக்குக் காலை வெட்டினாலும் திரும்ப முளைக்குமாமே, அது மாதிரி மனசும் ஆறிடும்" என்றாள். முளைப்பதெல்லாம் உண்மைதான். கருப்பனின் முன்னங்காலில் ஒரு விரல் போய்த் திரும்ப வந்ததை நானே பார்த்திருக்கிறேன். அதற்கும் எனக்கும் என்ன சம்பந்தம். எனக்குப் போனது விரலா.

இனிமேல்தான் பெரிய விஷயம். நீங்கள் கப்பலுக்குத் திரும்பிய பிறகு தொட்டியைப் பார்த்தால் செடி முழுக்க முட்டை. கண்ணாடி உருண்டைக்குள் கறுப்புப் பொட்டு வைத்த மாதிரி, இலைக்கு இலை, குழாயில், மூலையில், எல்லா இடத்திலும். எப்படி என்று பார்க்கிறேன், நடுவில் இருந்த தடுப்பைக் காணோம்.

வெள்ளைச்சி போன தடவை முட்டையிட்டதில் உருகிப்போனாள். "தலை எவ்வளவு அகலமோ அவ்வளவு அகலம் வயிறும் வரணும்மா, அதுவரைக்கும் கருப்பன் அந்தப் பக்கம்தான்" என்று குட்டிதான் பிளாஸ்டிக் வலை வெட்டி நடுவில் நிறுத்தினாள். இந்தப் பக்கம் இவள் தலையை வலையில் வைத்துக்கொண்டு கிடப்பாள், அந்தப் பக்கம் அவன். பார்க்கப் பாவமாக இருக்கிறதே என்று நான்கூடச் சொன்னேன். "ஏக்கமெல்லாம் இல்லம்மா, பக்கத்துல தீனி வாசனை அடிக்குது, அதான்" என்று சிரித்தாள். அந்தத் தடுப்பைத்தான் யாரோ எடுத்திருக்கிறார்கள். வெள்ளைச்சி மறுபடியும் முதுகெலும்பு தெரியக் கிடக்கிறாள். கருப்பனைத் துணி அலசுகிற பெரிய தொட்டியில் தனியாகப் போட்டு வைத்திருக்கிறேன். முட்டை ஒட்டிய இலைகளையெல்லாம் வெட்டி வாளிகளில் வைத்திருக்கிறேன், இல்லாவிட்டால் பெற்றவளே தின்றுவிடுவாள்.

யார் எடுத்தது என்று எனக்குத் தெரியும். உங்கள் அக்காதான். காரியத்துக்கு வந்திருந்த நாளெல்லாம் கையில் துடைப்பத்தோடுதான் திரிந்தாள். "புழு வளர்க்கற வீட்ல எப்படித்தான் சாப்பாடு இறங்குதோ" என்று என் காதில் விழும்படி சொன்னாள். துடைக்கிறேன் பேர்வழி என்று அதையும் பிடுங்கி எங்கேயோ எறிந்திருக்கிறாள். நீங்கள் அந்த நாட்களில் பின்னறையிலேயேதான் உட்கார்ந்திருந்தீர்கள். நான் டீ கொண்டுவந்து வைப்பேன், ஆறினதை எடுத்துப் போவேன். உங்கள் கண் முன்னால் நடந்ததைக்கூடப் பார்க்காமல் இருந்துவிட்டீர்கள். அவளை நானே போனில் கேட்கத்தான் போகிறேன், முன்கூட்டியே சொல்லிவிட்டேன்.

வெளியே துணி காயப் போட்டுவிட்டு வந்துதான் இதை எழுதுகிறேன். போன தடவை நீங்கள் கட்டிவிட்டுப் போன கொடி எந்தக் காற்றுக்கும் அசையவில்லை. ஓட்டல் துணி மூட்டை எத்தனையோ கட்டியிருக்கிறேன், இந்த மாதிரி இரண்டு சுற்றுச் சுற்றி வாலை உள்ளே செருகும் முடிச்சு எனக்கு வராது. கோபத்திலும் அதைச் சொல்லத்தான் வேண்டும்.

கடைக்காரருக்குப் போன் செய்து வர வேண்டாம் என்று சொல்லுங்கள். விற்றே ஆக வேண்டும் என்றால் நீங்களே வந்து, உங்கள் கையாலேயே தொட்டியிலிருந்து எடுத்து அவர் பெட்டியில் போடுங்கள். நான் தடுக்க மாட்டேன். போனில் சொல்லி முடிக்கிற வேலை இல்லை இது.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். இது கோபத்தில் சேராது, தனி.

இப்படிக்கு,
உங்கள் அத்தை

*

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

அத்தைதான். முதல் கடிதத்துக்குப் பதில் வரவில்லை, ஆனால் அது உங்கள் கைக்கு வந்துவிட்டது என்று எனக்குத் தெரிந்துவிட்டது. கடைக்காரர் பெட்டி இல்லாமல் வந்தார். "கொஞ்ச நாள் பொறுத்துக்கச் சொன்னாரும்மா" என்றார். அவருக்குத்தான் இன்னமும் போன். சரி, போகட்டும்.

முட்டையெல்லாம் பொரிந்துவிட்டது. வாளி வாளியாக, கண்ணும் வாலும் மட்டும் உள்ள துரும்புகள். கடைக்காரர் குனிந்து பார்த்துவிட்டுத் தலையில் கை வைத்துக்கொண்டார். "முட்டையிட்ட உடனே முக்கால்வாசியை ஃப்ரீசர்ல வெச்சிருக்கணும்மா, இவ்வளவையும் யார் வளர்க்கறது, உங்க பொண்ணு அப்படித்தானே செய்வாங்க" என்றார். செய்வாள். தீனி போட முடிகிற அளவுக்கு எடுத்துக்கொண்டு மிச்சத்தைப் பையில் கட்டி உறையவைத்துவிடுவாள், உயிர் பிடிக்கும் முன்னாலேயே. எனக்கும் சொல்லிக் கொடுத்திருக்கிறாள். நானும் இந்தத் தடவை பையை எடுத்தேன், ஃப்ரீசர் கதவைத் திறந்தேன். அப்புறம் மூடிவிட்டேன். இந்த வீட்டிலிருந்து இன்னும் எதையாவது அனுப்பி வைக்க என் கையால் ஆகாது. அதை அவரிடம் சொல்லவில்லை. ஃப்ரீசரில் இடமில்லை என்று சொன்னேன்.

ஆனால் அந்த மனிதரைப் பற்றி நான் முன்பு எழுதியதில் பாதியைத் திரும்ப எடுத்துக்கொள்கிறேன். உப்புத் தண்ணீரில் பொரிக்கும் இறால் முட்டைப் பொடி ஒரு டப்பா கொண்டுவந்திருந்தார். குஞ்சுகளுக்கு உயிரோடு நெளிகிற தீனிதான் வேண்டுமாம், நெளியாவிட்டால் பக்கத்தில் இருக்கிற தம்பியின் காலைக் கடித்துவிடுமாம். பாட்டிலில் போட்டு எப்படிப் பொரிக்க வைப்பது என்று காட்டிக் கொடுத்தார். கத்தரிக்காய் விஷயத்தில் மட்டும் என் கோபம் அப்படியேதான் இருக்கிறது.

போகும்போது அவர்தான் கேட்டார், இளைத்த பெண்ணோடு ஆணை யார் சேர்த்துவிட்டது என்று. உங்கள் அக்கா என்றேன். அவளுக்கு நான் ஏற்கெனவே போன் செய்திருந்தேன். செய்து, கேட்க வேண்டியதைக் கேட்டு, கேட்க வேண்டாததையும் கேட்டுவிட்டேன். அவள் அழுதுவிட்டாள். "எனக்கு அதுங்களைப் பார்த்தாலே குலை நடுங்கும் சித்தி, அந்த ரூம் வாசப்படியைக்கூட மிதிக்கல" என்று சொன்னாள். நம்பவில்லை. பொய் அழுகை என்று வைத்துவிட்டேன்.

அப்புறம்தான் பின்னறைப் பரணில் பழைய வாளி ஏதாவது இருக்கிறதா என்று பார்க்க மாடி அக்காவின் முக்காலியை வாங்கிவந்து ஏறினேன். ஏறியும் கை எட்டவில்லை. துடைப்பக் கட்டையால் இழுத்தேன். தடுப்பு வந்து விழுந்தது.

சுருட்டி, மேலே கயிறு கட்டி, கண்ணாடிப் பாத்திரம் போலப் பத்திரமாக உள்ளே தள்ளி வைத்திருந்தது. இந்த வீட்டில் முக்காலி இல்லாமல் பரணுக்குக் கை எட்டுகிறவர் ஒருவர்தான். அதுகூட வேண்டாம். கயிற்றைப் பார்த்தேன். இரண்டு சுற்று, வால் உள்ளே. வெளியே போய்க் கொடியையும் ஒரு தரம் பார்த்துவிட்டு வந்தேன்.

மாப்பிள்ளை, எனக்கு அப்போது வந்த கோபம் கடைக்காரர் வந்த அன்றுகூட வரவில்லை. உங்கள் அக்காவிடம் நான் பேசிய பேச்சுக்கு இப்போது நானே போன் போட்டு மன்னிப்புக் கேட்க வேண்டும். அது உங்களால். "பரவால்ல சித்தி" என்று அவள் பெரிய மனுஷியாகச் சொல்லப் போகிறாள், நான் கேட்டுக்கொண்டு நிற்க வேண்டும். அதுவும் உங்களால். வெள்ளைச்சி புழுவைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் கிடந்தாளே, கையால் ஊட்டி ஊட்டித் தேற்றினேனே, அதுவும் உங்களால்தான். ஏன் தடுப்பு வைத்திருக்கிறது என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். குட்டி உங்களிடம் போனில் நூறு தரம் சொல்லியிருப்பாள். நீங்கள் அவள் குரலை மட்டும் கேட்டுக்கொண்டிருந்திருப்பீர்கள், சொன்னதைக் கேட்டிருக்க மாட்டீர்கள்.

எப்போது எடுத்தீர்களோ தெரியாது. ஆனால் ஏன் எடுத்தீர்கள் என்று எனக்குத் தெரியும். இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று, நடுவில் வலை. அத்தனை நாளும் அதைத்தானே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தீர்கள். இதுகளாவது ஒன்றாக இருக்கட்டும் என்று தோன்றியிருக்கும். தீனி வாசனைக்குத்தான் அப்படிக் கிடக்கின்றன என்று உங்களிடம் சொல்ல ஆள் இல்லை.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன், இதைச் சொல்லத்தான் இவ்வளவு தூரம் எழுதினேன் போலிருக்கிறது. காலையில் குட்டி தலை வலிக்கிறது என்றாள், சாயங்காலம் ஆஸ்பத்திரிக்காரர்கள் கையை விரித்துவிட்டார்கள். அந்த ஒரு பகலுக்குள் கடலைத் தாண்டி யாரால் வர முடியும். நீங்கள் வாசலில் வந்து நின்றபோது எல்லாம் முடிந்து வீடு கழுவி விட்டிருந்தது. உங்களை யாராவது ஏதாவது சொன்னார்களா. நான் சொன்னேனா. என் வாயால் மட்டும் இல்லை, மனசாலும் சொன்னதில்லை. நீங்களாகவே உங்களைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றிவிட்டு, தீர்ப்பும் எழுதிவிட்டு, அவள் தொட்டிகளையும் விற்கச் சொல்லிவிட்டு, கப்பல் மாறி கப்பல் ஏறுகிறீர்கள். உங்கள் லீவு வந்துவிட்டதாம், நீங்கள் வேண்டாம் என்று எழுதிக் கொடுத்தீர்களாம். கடிதம் கொடுக்கப் போனபோது கம்பெனிப் பெண்தான் சொன்னாள். பெண் போனாள். மாப்பிள்ளையும் போக வேண்டும் என்று எங்கே எழுதியிருக்கிறது. நீங்கள் அவளுக்கு மட்டும்தான் சொந்தமா.

இங்கே நிலைமை இதுதான். குஞ்சுகளுக்கு முன்னங்கால் முளைக்க ஆரம்பித்துவிட்டது. பெரியது சிறியதைக் கடிக்கிறது. அளவு பார்த்துப் பிரித்துத் தனித்தனி டம்ளரில் போட வேண்டும், ஒவ்வொரு டம்ளரிலும் தினம் தண்ணீர் மாற்ற வேண்டும். அடுப்பங்கரை மேடை முழுக்க டம்ளர்தான், எனக்கு டீ குடிக்க ஒன்று மிச்சம் இல்லை, மூடியில் ஊற்றிக் குடிக்கிறேன். அவளுடைய ரப்பர் சொட்டுக்குழாயால்தான் ஒவ்வொன்றாக எடுக்கிறேன். பல்லுக்கு மெழுகு வைத்த கைக்கு அது சரியாக இருந்தது. விரிப்பு மடித்த கைக்கு வரவில்லை. கண்ணாடி போட்டும் துரும்பு எது, குஞ்சு எது என்று தெரியவில்லை. நேற்று ஒன்றைக் கொட்டிவிட்டேன். அதைத் தேடித் தரையில் ஈரத்துணியோடு தவழ்ந்தேன், கிடைத்தது, உயிரோடுதான். இதெல்லாம் ஒரு ஆள் வேலை இல்லை. கடைக்காரர் வளர்ந்த பிறகு வாங்கிக்கொள்கிறேன் என்கிறார், நல்ல வீடாகப் பார்த்துக் கொடுக்கிறேன் என்கிறார். அதுவரைக்கும் வளர்க்க வேண்டுமே. தடுப்பை எடுத்தவர்தான் வளர்க்க வேண்டும். நான் இதை நியாயமாகத்தான் சொல்கிறேன்.

கருப்பன் இப்போது தொட்டிக்குத் திரும்பிவிட்டான். நடுவில் சலவைக்கூடத்து வலைப்பையைக் கிழித்து, இரண்டு பக்கமும் கம்பி கொடுத்துத் தைத்து நிறுத்தியிருக்கிறேன். பார்க்க அசிங்கமாக இருக்கிறது, தொய்கிறது, தினம் ஒரு தரம் இழுத்துவிட வேண்டியிருக்கிறது. குட்டி பார்த்திருந்தால் சிரித்திருப்பாள். அவள் வெட்டிய தடுப்பு இருக்கும்போது இது எதற்கு என்று கேட்பீர்கள்.

அது நீங்கள் கட்டினபடியே அவளுடைய அறைக் கதவுக்குப் பின்னால் சாய்த்து வைத்திருக்கிறது. முப்பது வருஷமாக ஓட்டல் மூட்டை அவிழ்த்தவள் நான். என்னால் அவிழ்க்க முடியாத முடிச்சு இல்லை மாப்பிள்ளை. அவிழ்க்க மாட்டேன். நீங்கள் கட்டினது, நீங்கள் வந்து அவிழ்க்க வேண்டும். அதுவரைக்கும் இந்தக் கோணல் வலையைத் தினம் இழுத்துவிட்டுக்கொண்டு இருக்கிறேன்.

கடல் அமைதியாக இருக்கட்டும். உங்களுக்கு ஒரு குறையும் வராமல் இருக்கட்டும். டம்ளர் போதவில்லை, வரும்போது வாங்கி வாருங்கள்.

இப்படிக்கு,
இன்னும் கோபமாக இருக்கும்
உங்கள் அத்தை